ஹெடர் மாட்டியாச்சா? டிக் டிக் சத்தம் கேட்குதா? அக்கா சொல்றதைக் கேளு

போன மார்கழி. விடிகாலை ஐந்தரை மணி இருக்கும். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். என் தம்பி ஷெட்டில் நின்ற தன்னுடைய பழைய மாருதி எஸ்டீமை ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் பிடித்ததும் கூடவே ஒரு சத்தம். டிக், டிக், டிக் என்று பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுவது மாதிரி. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அதுவும் சேர்ந்து வேகமாக அடித்தது. ஐந்து நிமிடத்தில் மெள்ள அடங்கிவிட்டது. "சூடானா சரியாயிடுதுக்கா" என்றான். கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஹெடர் மாட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை.

அன்றைக்கே அம்மாவை அழைத்துக்கொண்டு பொள்ளாச்சி போனோம். திரும்பும்போது கிணத்துக்கடவு தாண்டியதும், "தலை பாரமா இருக்குது சாமி, கண்ணாடியை இறக்கு" என்றார் பின் சீட்டிலிருந்த அம்மா. இறக்கிய கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். காலையில் கேட்ட டிக் சத்தத்தையும் இந்தத் தலைபாரத்தையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீடு வந்ததும் சாவியை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்களுடையது கோவை கணபதியில் ஒரு சின்ன லேத்துப் பட்டறை. அப்பா காலத்திலிருந்து ஃபேசிங், சர்ஃபேஸ் கிரைண்டிங் வேலைதான். ஹெடர் ஃபிளேன்ஜை மட்டம் எடுக்கவும் பசங்கள் கொண்டுவருவார்கள். அவர்களில் பலர் இரண்டு டியூப் சிவப்பு பேஸ்ட் பூசி, அது கருகி உதிர்ந்த பிறகுதான் வருகிறார்கள். அவர்களிடம் வாய் வலிக்கச் சொல்வதையே இதைப் படிக்கிற உனக்கும் எழுதுகிறேன் தம்பி. புகை லீக் பேஸ்ட்டால் நிற்காது. ஹெட்டும் ஃபிளேன்ஜும் முகத்தோடு முகம் மட்டமாக உட்கார வேண்டும். நட்டு சரியான அளவுக்கு இறுக வேண்டும். ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடியும் முடுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் லீக் திரும்பி வரும்.

முதலில் உயிர், அப்புறம் வண்டி

சைலன்சர் வழியாகப் பின்பக்கம் போக வேண்டிய புகை, போனட்டுக்கு அடியிலேயே கசிகிறது என்றால் அதில் கார்பன் மோனாக்சைடும் இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைபாரம், கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்றுதான் ஆரம்பிக்கும். ஏதோ பித்தம் என்று நினைத்து, ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டு நாம் போய்க்கொண்டே இருப்போம். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் இதயக் கோளாறு உள்ளவர்களையும் இது சீக்கிரம் பாதிக்கும்.

ஆகவே லீக் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டு ஆட்களை அந்த வண்டியில் ஏற்றாதே. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்காதே. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, காற்றோட்டமான இடத்தில் நிறுத்திப் பார். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதும் கூடாது. பின்னால் சுழலும் புகையை அது உள்ளே இழுத்துவிடும்.

சூடானால் ஏன் அடங்குகிறது?

கம்பெனியிலிருந்து வருகிற மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. கனமானது, தடிமனானது, லேசில் வளையாது. அதைக் கழற்றிவிட்டு நீ மாட்டியிருக்கிற ஹெடர், ஒன்றரை மில்லி கனமுள்ள நாலு குழாயை வளைத்து ஒரு தகட்டில் பற்றவைத்தது. அந்தத் தகடுதான் ஃபிளேன்ஜ். குழாயைச் சுற்றி வெல்டிங் ஓடும்போது அந்தப் பக்கம் சூடாகி, ஆறும்போது இழுக்கும். நாலு குழாய்க்கும் நாலு இழுப்பு. ஆறு மில்லித் தகடு என்றால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். பத்து மில்லி என்றால் பெரும்பாலும் தாங்கும்.

குளிர்ந்திருக்கும்போது இடைவெளி திறந்திருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் புகையைத் தள்ளும்போது அந்த இடுக்கில் ஒரு அடி விழுகிறது, அதுதான் டிக். உலோகம் சூடாகி விரிந்ததும் இடைவெளி கொஞ்சம் மூடிக்கொள்கிறது, சத்தமும் குறைகிறது. அது சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த இடுக்கு வழியாகச் சீறும் சூட்டுப் புகை, பேக்கிங்கை நாளுக்கு நாள் அரித்துக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 35 செ.மீ. நீளமுள்ள 304 ஸ்டெயின்லெஸ் ஃபிளேன்ஜ் 300 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 1.8 மி.மீ. நீளும். அது உட்கார்ந்திருக்கிற அலுமினிய ஹெட்டுக்குள் கூலன்ட் ஓடுகிறது. அதனால் ஹெட் 75 டிகிரி அளவுக்கே ஏறி 0.6 மி.மீ. மட்டும் நீளும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிக்கு மேல் வித்தியாசம். ஒவ்வொரு தடவை வண்டி ஓடி ஆறும்போதும் ஃபிளேன்ஜ் இப்படி நகர்ந்து நகர்ந்து நட்டைத் தளர்த்துகிறது, பேக்கிங்கைத் தேய்க்கிறது. நடு ஓட்டை அளவாகவும், ஓரத்து ஓட்டைகள் கொஞ்சம் நீள்வட்டமாகவும் இருக்க வேண்டியது இதனால்தான். உன் ஹெடரில் எல்லா ஓட்டையும் ஸ்டட்டைக் கவ்விப் பிடித்தால், ஓரத்து ஓட்டைகளை அரை மில்லி, ஒரு மில்லி அரம் போட்டு நீட்டிவிடு.

எங்கே கசிகிறது?

கண்ணாலேயே பாதி தெரிந்துவிடும். ஃபிளேன்ஜ் ஓரத்தில், நாலு குழாய் சேரும் கலெக்டர் மூட்டில், ஆக்சிஜன் சென்சார் அடியில் எங்கேயாவது கரி விசிறிய மாதிரி கறுப்புக் கோடு இருந்தால் அங்கேதான். டார்ச்சும் ஒரு சின்ன முகக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கீழ்ப்பக்கத்தையும் பார். பலரும் மேல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

கரி தெரியாவிட்டால் சோப்புத் தண்ணி. எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஆபத்தில்லாததும் இதுதான். இன்ஜினை அணைத்து, முழுக்க ஆறிய பிறகு, காற்றை ஊதுகிற வேக்குவம் கிளீனர் குழாயை சைலன்சர் முனையில் வைத்துத் துணியால் சுற்றிக்கொள். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணியில் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் ஸ்ப்ரே செய். கசிகிற இடத்தில் நுரை குமிழ் விட்டுப் பூக்கும். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணியில் முக்கிப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். கம்ப்ரஸர் காற்றைக் கொடுக்காதே, அந்த அழுத்தம் வேண்டாம்.

வேக்குவம் கிளீனர் இல்லையா? துணைக்கு ஒருவரைக் கூப்பிட்டுக்கொள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, அவர் தடித்த கையுறை போட்டு, மடித்த ஈரத்துணியால் சைலன்சர் வாயை இரண்டு மூன்று வினாடி மட்டும் அழுத்தட்டும். லீக் இருந்தால் முன்னால் 'உஸ்' என்று சத்தம் கூடும். சரியான இடத்தைப் பிடிக்க மூன்றடி ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை மூட்டு மூட்டாக நகர்த்து. ஃபேன், பெல்ட் பக்கம் துப்பட்டாவோ தலைமுடியோ போகாமல் கட்டிக்கொள். தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எங்கள் பட்டறைக்கு ஹெடரோடு வருகிற பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எந்த சிலிண்டர் என்று தெரியவில்லை என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார். எதைக் கழற்றும்போது டிக் நிற்கிறதோ அந்த போர்ட்டில்தான் வேலை. ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி இதைச் செய்யாதே. எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும்.

எல்லா டிக்கும் லீக் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். டேப்பெட் சத்தம் பெரும்பாலும் சூடான பிறகும் தொடரும். இன்ஜெக்டர் சத்தம் எப்போதும் ஒரே சீராக இருக்கும். மெல்லிய குழாய் என்பதால் நல்ல ஹெடரும் வார்ப்பிரும்பைவிடக் கணீரென்றுதான் ஒலிக்கும். புதிதாக மாட்டிய அன்று முதல் அரை மணி நேரம் புகைகிறதே என்று பயப்படாதே, குழாய் மேல் இருந்த எண்ணெயும் பெயின்ட்டும் எரிகிற புகை அது.

புதிய வண்டியில் இன்னொரு அடையாளமும் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது, அதே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு "பெட்ரோல் பத்தவில்லை" என்று தப்பாகச் சொல்லும். இசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் விழும், பி0171 என்று கோடு வரலாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது பட பட என்று வெடிப்பதற்கும் இந்தத் திருட்டுக் காற்று ஒரு காரணம். அதை ரேஸ் சத்தம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளாதே கண்ணு.

கழற்றும்போது அவசரம் வேண்டாம்

முந்தின நாள் ராத்திரியே நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடு. காலையில் கழற்றும்போது முதலில் ஒரு நூலிழை இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்து. அடம்பிடித்தால் நட்டுக்கு மட்டும் சூடு காட்டு. ஸ்டட் முறிந்தால் ஹெட்டில் ஈஸி அவுட் போட்டுக் குடையாதே, அது உள்ளே உடைந்தால் இன்னும் பெரிய வேலை. முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பச் சொல். அலுமினியத்தில் அந்த வெல்டிங் ஒட்டாது, ஸ்டட்டில் மட்டும் ஒட்டும், அந்தச் சூட்டிலேயே துருவும் இளகும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்று. மரை போயிருந்தால் ஹெலிகாயில் போடச் சொல், அலுமினியத்தில் புது மரையைவிட அது பலமாகவே நிற்கும்.

தம்பி வண்டியில் பார்த்தது

ஹெடரை சர்ஃபேஸ் பிளேட் மேல் கொண்டுவந்து வைத்தோம். அதற்கு முன் ஃபிளேன்ஜ் முகத்தைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்தேன். கருகிப்போன சிவப்பு பேஸ்ட் பல் காரை மாதிரி உதிர்ந்து வந்தது. பிளேட்டில் மார்க்கிங் புளூவை விரலால் மெலிதாகத் தடவி, ஃபிளேன்ஜைக் கவிழ்த்து வைத்து, முன்னும் பின்னும் ஓர் அங்குலம் தள்ளி, தூக்கிப் பார்த்தோம். மட்டமாக இருந்தால் நாலு போர்ட்டைச் சுற்றியும் நீலம் வளையமாக ஒட்டியிருக்க வேண்டும். இதில் ஒன்றாவது போர்ட்டின் வெளி ஓரத்திலும் நாலாவது போர்ட்டின் வெளி ஓரத்திலும் மட்டும் இரண்டு பிறைத் திட்டுகள். நடுவில் இரண்டு போர்ட்டும் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தன. ஃபீலர் கேஜை நடுவில் விட்டால் 0.40 தகடு தாராளமாகப் போய் வந்தது. அந்த இடைவெளியை எந்தப் பேக்கிங் அடைக்கும்?

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெடர் செய்து கொடுத்தவர் பற்றவைத்து முடித்தபின் முகத்தை ஃபேசிங் போடவே இல்லை. போதாக்குறைக்கு மூன்றாவது குழாயின் உள் வெல்டிங் முகத்தைவிட மேலே முண்டிக்கொண்டு நின்றது.

நீ வீட்டில் பார்ப்பதானால் சர்ஃபேஸ் பிளேட் வேண்டாம். நேரான ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பார். 0.10 மி.மீ.க்குள் இருந்தால் அப்படியே மாட்டு. அதற்குக் கொஞ்சம் மேலே என்றால், தடித்த கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவத்தில் தேய்த்தே எடுத்துவிடலாம். கை வலிக்கும், ஆனால் நடக்கும். 0.20ஐத் தாண்டினால் பட்டறைக்குக் கொண்டுபோ. மில்லிங்கிலோ கிரைண்டிங்கிலோ ஒரே செட்டிங்கில் முகம் எடுத்துவிடலாம். ஹேண்ட் கிரைண்டரில் மட்டும் கை வைக்காதே. முகத்தில் பள்ளம் பறித்துவிடும், அப்புறம் அந்தப் பள்ளத்தை எடுக்க முழு முகத்தையும் அரை மில்லி சீவ வேண்டிவரும்.

முகம் எடுத்த பிறகும் தம்பி ஹெடரில் ஒன்று செய்தோம். இரண்டாவது, மூன்றாவது போர்ட்டுக்கு நடுவில் ஃபிளேன்ஜை ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு பாதியும் தன் போக்கில் விரிந்து கொள்ளும், ஒன்றை ஒன்று இழுக்காது. ஹெட் பக்கத்து முகத்தையும் அதே ஸ்கேலால் பார்க்க மறக்காதே. அலுமினியத்தில் இரும்புச் சுரண்டியை அழுத்தாதே, கீறல் விழுந்தால் அதுவே புது வழி. போர்ட்டுக்குள் துணி அடைத்துவிட்டுச் சுரண்டு.

பேக்கிங், நட்டு, முடுக்கும் முறை

ஹெடரோடு பையில் வருகிற மெல்லிய காகித பேக்கிங்கைத் தூக்கிப் போடு. உன் வண்டிக்கான கம்பெனி மேனிஃபோல்ட் பேக்கிங், ஸ்டீல் அடுக்குகளால் ஆனது, கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. வாங்கியதும் ஹெடர் முகத்தில் வைத்துப் பார். பேக்கிங் ஓட்டை குழாய் வாயைவிடச் சுற்றிலும் ஒரு மில்லி பெரிதாக இருக்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கும் பேக்கிங் விளிம்பு, புகையில் எரிந்து அங்கிருந்தே பிளந்துகொள்ளும். ஒருமுறை அழுந்திய பேக்கிங்கை மறுபடி போடாதே. செம்புத் தகட்டில் வெட்டிய பேக்கிங் மட்டும் விதிவிலக்கு. அதை மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணியில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

சிவப்பு, செம்பு நிற சிலிகான் பேஸ்ட்டுகள் தாங்குவது ஏறக்குறைய 340, 370 டிகிரி. போர்ட்டை விட்டு வெளியே வரும் புகை, மிதித்து ஓட்டும்போது 700 டிகிரியைத் தாண்டும். அது எப்படி நிற்கும்? அதோடு சாதாரண சிலிகான் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுத்துவிடும். ஃபிளேன்ஜில் பேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

இனி நட்டு. முதலில் ஒவ்வொரு நட்டும் எதன் மேல் உட்காருகிறது என்று பார். பல ஹெடர்களில் குழாய் வளைவு ஓட்டைக்கு மிக நெருக்கமாக வந்துவிடும். வாஷரின் ஒரு பக்கம் வெல்டிங் மேட்டின் மேல் ஏறி, மறுபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஃபிளேன்ஜ் அழுந்தாது. அந்த மேட்டைச் சின்ன அரத்தால் சீவிவிடு, அல்லது தலை சிறிய நட்டாகப் போடு. போல்ட் போடுகிற வண்டியானால் நீளத்தை அளந்து பார். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் காலைவிட ஹெடர் ஃபிளேன்ஜ் மெல்லியது. பழைய போல்ட்டைப் போட்டால் அது ஓட்டையின் அடியில் போய் முட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று சொல்லும், ஃபிளேன்ஜோ லொடலொடவென்று இருக்கும். அதற்காக ரொம்பக் குட்டையாகவும் போடாதே. எட்டு மில்லி போல்ட்டுக்கு அலுமினியத்தில் குறைந்தது 12 மில்லி மரை பிடிக்க வேண்டும்.

நைலாக் நட்டை இந்தப் பக்கமே கொண்டுவராதே. உள்ளே இருக்கும் நைலான் வளையம் உருகிவிடும். செம்புப் பூச்சுள்ள லாக் நட் எக்ஸாஸ்டுக்கென்றே வருகிறது, அதைக் கேட்டு வாங்கு. சாதாரண ஸ்ப்ரிங் வாஷரும் இந்தச் சூட்டில் விறைப்பை இழந்துவிடும்.

மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்று. பின்னால் கலெக்டர் போல்ட், சைலன்சர் ஹேங்கர் எல்லாம் தொளதொளவென்று இருக்கட்டும். கீழே ஒரு ஜாக்கியால் குழாயின் பாரத்தைத் தாங்கிக்கொள். பிறகு நடு நட்டிலிருந்து ஆரம்பித்து, ஒரு தடவை வலம், ஒரு தடவை இடம் என்று ஓரத்துக்குப் போ. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் வளைவு நடுவில் சிக்கிக்கொள்ளும். ஒரே மூச்சில் இறுக்காதே, மூன்று சுற்றாக ஏற்று. எவ்வளவு என்பது உன் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எட்டு மில்லி ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், கையளவு விசைதான். "நல்லா இறுக்கிட்டேன்கா" என்று நீளக் குழாயைப் போட்டு இழுத்து வருகிறவர்கள்தான் மரையைப் பிய்த்துக்கொண்டு வருகிறார்கள். மரையில் ஆன்டி சீஸ் தடவியிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைத்தே இறுக்கு, வழுக்கல் காரணமாக அதே அளவில் ஸ்டட் அதிகம் இழுபடும். ஃபிளேன்ஜ் முடிந்த பிறகு கலெக்டர், கடைசியில் ஹேங்கர். இந்த வரிசை மாறினால் பின்னாலிருக்கும் குழாய் ஃபிளேன்ஜை எந்நேரமும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனிதான் பலரும் விட்டுவிடுகிற வேலை. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி நன்றாகச் சூடேற்று. ஒரு ராத்திரி முழுக்க ஆறவிடு. மறுநாள் காலை, ஆறிய நிலையில், அதே வரிசையில் அதே அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்துப் பார். 100 கி.மீ.யில் ஒருமுறை, 500 கி.மீ.யில் ஒருமுறை. சூடாக இருக்கும்போது முடுக்காதே, கையும் பொசுங்கும், அளவும் பொய்யாகும். "முடிஞ்சுது" என்று கைகழுவுவது இந்த மூன்றாவது முடுக்கலுக்குப் பிறகுதான்.

கீழே இருக்கிற மூட்டுகள்

கலெக்டர் மூட்டில் டோனட் பேக்கிங் இருந்தால் அதன் ஸ்ப்ரிங் போல்ட்டைக் கடைசிவரை இறுக்கி ஸ்ப்ரிங்கை நசுக்கிவிடாதே. இன்ஜின் ஆடும்போது அந்த மூட்டு அசைய வேண்டும். குறுக்காக உட்கார்ந்திருக்கும் இன்ஜின் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் முன்னும் பின்னும் சாயும். அந்த ஆட்டத்தைத் தாங்க ஃபிளெக்ஸ் பைப் கட்டாயம் வேண்டும். இன்ஜின் மவுன்ட் செத்துப்போயிருந்தால், நீ எத்தனை தடவை பற்றவைத்தாலும் கலெக்டர் அருகில் விரிசல் விடும். ஆகவே முதலில் மவுன்ட்டைப் பார்.

ஆக்சிஜன் சென்சார் உட்காரும் மரை பெரும்பாலும் 18 மில்லி, ஒன்றரை பிட்ச். வளையத்தைச் சாய்த்துப் பற்றவைத்திருந்தால் சென்சார் வாஷர் ஒரு பக்கம் கசியும். சென்சார் தலை கீழ்நோக்கிப் படுத்தால் உள்ளே ஊறும் நீர் அதிலேயே தங்கும். படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே நிமிர்ந்திருக்க வேண்டும்.

குழாயிலோ வெல்டிங்கிலோ ஊசித்துளை, விரிசல் இருந்தால் ஆர்கான் வெல்டிங்தான். 304க்கு 308எல் கம்பி, ஸ்டெயின்லெஸ்ஸையும் மைல்ட் ஸ்டீலையும் சேர்க்கும் இடத்தில் 309எல். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு நிறுத்திவிட்டுப் பற்றவைக்கச் சொல், இல்லாவிட்டால் வெல்டிங்கைத் தாண்டி ஓடும். ஒன்றை மட்டும் கையைப் பிடித்துக் கேட்கிறேன். வெல்டிங்குக்கு முன் பிரேக் கிளீனர் அடித்துத் துடைக்காதே. அதில் சில ரகங்களில் இருக்கும் குளோரின் கரைப்பான், ஆர்க் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, முழுக்க உலரவிட்டு, பிறகு பற்றவை.

ஹெடரைச் சுற்றும் வெள்ளைத் துணி நாடாவைப் பற்றிக் கேட்பார்கள். லீக் முழுக்க நின்றது என்று 500 கி.மீ. ஓட்டிப் பார்க்காமல் சுற்றாதே, கரி அடையாளமே தெரியாமல் போய்விடும். மைல்ட் ஸ்டீல் ஹெடருக்கு நான் சுற்றவே சொல்லமாட்டேன். மழைத் தண்ணியைப் பிடித்துவைத்து உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும்.

மாட்டுவதற்கு முன்னாடியே என்னைக் கேட்டிருந்தால்

கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இப்போது வருகிற பல பெட்ரோல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே வருகிறது. ஹெடர் மாட்டினால் அது வண்டியை விட்டே போகும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது நாம் சுவாசிக்கிற காற்றுக்காகத்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றி அமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. தயாரித்தபோது இருந்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டின் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று 182ஏ பிரிவு வந்தது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. டிராக்குக்கென்று ஒரு வண்டி வைத்திருந்தால் ஹெடரை அதில் மாட்டி ஆசைதீர ஓட்டு. அம்மாவைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போகிற வண்டியில் கம்பெனி மேனிஃபோல்டும் கன்வர்ட்டரும் இருக்கட்டும். தம்பியிடமும் இதைச் சொல்லிவிட்டேன். எஸ்டீமை இப்போது டிராக் நாளுக்கு மட்டும், டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோகிறான். வீட்டுக்கு வேறு வண்டி.

கழற்றிய கம்பெனி மேனிஃபோல்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதே. எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரணில் வை.

தம்பி வண்டியில் முகம் எடுத்து, புது பேக்கிங் போட்டு மாட்டிய மறுநாள் விடிகாலை ஸ்டார்ட் செய்தபோது டிக் இல்லை. சோப்புத் தண்ணியிலும் ஒரு குமிழ் வரவில்லை. ஆனாலும் முதல் சூட்டுக்குப் பிறகு ரெஞ்ச் வைத்தபோது ஓரத்து நட்டு இரண்டும் கால் சுற்று வாங்கின. 100 கி.மீ.யில் ஒன்று மட்டும் நூலளவு. 500 கி.மீ.யில் எதுவும் அசையவில்லை.